நக்கெட்ஸ் முனை: ஒரு லாப நஷ்டக் கணக்கு

ஆஸ்திரேலியாவுக்குக் கீழே டாஸ்மேனியா என்று ஒரு தீவு இருப்பது கிரிக்கெட் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். ரிக்கி பாண்டிங் பிறந்தது அங்கேதான். அந்த டாஸ்மேனியாவிலிருந்து தென்கிழக்காகச் சுமார் 1,500 கிலோமீட்டர் கடலிலேயே போனால், அண்டார்டிகாவுக்குப் பாதி வழியில், ஒல்லியாக நீளமாக ஒரு தீவு வரும். பெயர் மக்வாரி தீவு. நீளம் 34 கிலோமீட்டர், அகலம் அதிகம் போனால் ஐந்தரை கிலோமீட்டர். மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. கப்பல் ஒதுங்க ஒழுங்கான துறைமுகமும் கிடையாது. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மழையோ பனியோ தூறிக்கொண்டிருக்கும். காற்று நிற்கவே நிற்காது.

இந்தத் தீவின் வடகிழக்குக் கரையில் ஒரு பாறை முனை இருக்கிறது. நக்கெட்ஸ் பாயிண்ட் என்று பெயர். முனைக்கு எதிரே கடலுக்குள் சில பாறைத் திட்டுகள் நிற்கின்றன. பக்கத்தில் ஒரு கடற்கரை, அங்கே வந்து கலக்கும் ஒரு ஓடை. அந்த ஓடை வழியாக ஆயிரக்கணக்கான ராயல் பெங்குவின்கள், கல்யாண வீட்டுக்குப் போகிற கூட்டம் மாதிரி, மேலே தங்கள் முட்டையிடும் இடத்துக்கு ஏறிப் போகும். கீழே கரையில் துருப்பிடித்த பெரிய இரும்புக் கொதிகலன்கள் கிடக்கின்றன. அந்த இரும்பைத் தாண்டித்தான் பெங்குவின்கள் போகின்றன, வருகின்றன.

அந்தக் கொதிகலன்களில் ஒரு காலத்தில் வெந்தது இதே பெங்குவின்களின் முன்னோர்கள்தான்.

இந்தக் கதையைப் படிக்கப் படிக்க, எனக்கு இது வரலாறாகவே தெரியவில்லை. பி.காம் முதல் வருடத்தில் போடும் லாப நஷ்டக் கணக்காகத்தான் தெரிந்தது. பற்று, வரவு, சரக்கிருப்பு, தேய்மானம் எல்லாம் இதில் இருக்கிறது. கூடவே, எந்தப் பேரேட்டிலும் ஏறாத ஒரு பெரிய செலவும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கல்கத்தாவில் இருந்து வந்த வியாபாரி

கதை 1810-ல் தொடங்குகிறது. சிட்னியில் ராபர்ட் கேம்பல் என்று ஒரு வியாபாரி இருந்தார். ஸ்காட்லாந்துக்காரர். ஆனால் சிட்னிக்கு வந்தது கல்கத்தாவில் இருந்து. அவர் குடும்பத்தின் வியாபார நிறுவனம் அங்கேதான் இருந்தது. இந்தியப் பொருட்களைச் சிட்னிக்குக் கொண்டுபோய் விற்றுப் பெரிய ஆளானவர். அதுமட்டுமில்லை, அந்தக் காலத்தில் நம்மை ஆண்டுகொண்டிருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோக உரிமை சிட்னி வியாபாரிகளின் கையையும் கட்டிப்போட்டிருந்தது. 1805-ல் கேம்பல் துணிந்து தன் கப்பலில் சீல் தோலையும் எண்ணெயையும் ஏற்றிக்கொண்டு நேராக லண்டனுக்கே போய்ச் சேர்ந்து, அந்த ஏகபோகத்தை எதிர்த்துப் பார்த்தார். அப்படிப்பட்ட ஆள்.

அவருடைய நிறுவனத்தின் கப்பல் ஒன்றின் பெயர் பெர்சவரன்ஸ். அதன் கேப்டன் ஃபிரெடரிக் ஹேசல்பரோ. சீல் வேட்டைக்குப் புது இடம் தேடுவதுதான் அவர் வேலை. 1810 ஜனவரியில் ஒரு தீவைக் கண்டுபிடித்து முதலாளி நிறுவனத்தின் பெயரை வைத்தார்: கேம்பல் தீவு. அதே வருடம் ஜூலை 11-ல் இன்னும் தெற்கே போய் இன்னொரு தீவைக் கண்டார். அதற்கு அப்போது நியூ சவுத் வேல்ஸ் கவர்னராக இருந்த லாக்லன் மக்வாரியின் பெயர். முதல் தீவுக்கு முதலாளி பெயர், இரண்டாவதுக்கு அரசாங்கத்தின் பெயர். வியாபாரம் தெரிந்த கேப்டன்! அவர் அங்கே இறங்கியபோது கரையில் ஏற்கனவே ஒரு பழைய கப்பலின் உடைந்த பாகங்கள் கிடந்தன. அது யாருடைய கப்பல் என்று இன்றுவரை தெரியாது. பாவம், ஹேசல்பரோவுக்கும் அந்தக் கண்டுபிடிப்பால் பெரிய பலன் இல்லை. அதே வருடம் நவம்பரில் கேம்பல் தீவில் படகு கவிழ்ந்து இறந்துபோனார்.

புதுத் தீவு இருக்குமிடத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார்கள். ஆனால் துறைமுகத்தில் ரகசியம் எத்தனை நாள் நிற்கும்? போட்டிக் கப்பல்களும் சீக்கிரமே வந்துவிட்டன. அதற்குப் பிறகு நடந்ததை வேட்டை என்று சொல்வதைவிட, கடையைச் சூறையாடுவது என்று சொல்லலாம். முதல் ஒன்றரை வருடத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபர் சீல்களின் தோல் உரிக்கப்பட்டது. மொத்தம் இரண்டு லட்சம் வரை இருக்கலாம் என்பது கணிப்பு. பத்துப் பதினைந்து வருடத்தில் தீவில் ஃபர் சீலே இல்லை. முதலில் அங்கே இருந்தது எந்த வகை ஃபர் சீல் என்றுகூட இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. சாம்பிள் எடுத்துவைக்கக்கூட ஒன்றை மிச்சம் வைக்கவில்லை.

இது ஏன் நடந்தது என்பதைப் பொருளாதாரம் படிப்பவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். தீவு யாருக்கும் சொந்தமில்லை. நான் இன்றைக்கு விட்டுவைக்கும் சீலை நாளைக்கு அடுத்த கப்பல்காரன் அடித்துவிடுவான். அப்படியிருக்க நான் ஏன் விட்டுவைக்க வேண்டும்? காரெட் ஹார்டின் 1968-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் பொதுச் சொத்தின் சோகம் என்று சொன்னது இதைத்தான். ஒவ்வொருவரும் அவரவர் கணக்கில் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். எல்லோருடைய கணக்கையும் கூட்டினால் விடை பூஜ்யம்.

கப்பலில் வந்த விருந்தாளிகள்

தோல் தீர்ந்ததும் எண்ணெய்க்கு மாறினார்கள். யானைச் சீல் என்று ஒரு பிராணி. ஆண் சீல் மூன்று டன்னுக்கு மேல் எடை இருக்கும். உடம்பு பூராவும் கொழுப்பு. அதை வெட்டிக் காய்ச்சினால் விளக்குக்கும் மற்ற வேலைகளுக்கும் எண்ணெய். 1820 நவம்பரில் ரஷ்யக் கடலோடி பெல்லிங்ஸ்ஹவுசன் தன் இரண்டு கப்பல்களோடு வந்தபோது, கரையில் இருந்தவர்கள் இந்த எண்ணெய் வேலையில்தான் இருந்தார்கள். ஃபர் சீல் அதற்குள் கதை முடிந்த விஷயம்.

இதற்கிடையே கப்பல்கள் இன்னும் சிலரையும் கொண்டுவந்து இறக்கின. எலி கேட்காமலே வந்தது. பூனை கப்பலோடு வந்து காட்டுப்பூனையாகத் திரிந்தது. நியூசிலாந்தின் வீக்கா என்ற பறக்க முடியாத பறவையைச் சாப்பாட்டுக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். 1879-ல் முயல்கள் வந்தன, அதுவும் சாப்பாட்டுக்குத்தான். மாதக்கணக்கில் கப்பல் வராத தீவில் பசியோடு கிடக்கும் மனிதர்கள் செய்த ஏற்பாடு. அந்த இடத்தில் இருந்தால் நாமும் அதைத்தான் செய்திருப்போம்.

ஆனால் விளைவைப் பாருங்கள். மக்வாரி தீவில் ஒரு கிளி இனம் இருந்தது. மரமே இல்லாத, பனி பெய்கிற தீவில் தரையில் கூடு கட்டி வாழ்ந்த பச்சைக்கிளி! பூனைகள் வந்த பிறகும் அது பல பத்து வருடங்கள் தாக்குப்பிடித்தது. காரணம், குளிர்காலத்தில் கடற்பறவைகள் கிளம்பிப் போய்விடும். பூனைக்குத் தீனி குறையும். பட்டினியில் பூனைகளின் எண்ணிக்கையும் குறையும். முயல் வந்த பிறகு பூனைக்கு வருடம் முழுக்கச் சாப்பாடு. பூனைகள் பெருகின. முயல் வந்து பன்னிரண்டே வருடத்தில், 1891 வாக்கில், கிளி இனம் உலகத்திலிருந்தே போய்விட்டது. முயல் ஒரு கிளியைக்கூடத் தொடவில்லை, புல்லைத்தான் தின்றது. இந்த முயலையும் பூனையையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பில்லோடு வருவார்கள்.

மருந்துக்கடைக்காரர் ஹாட்ச்

இனி நம் கதாநாயகன். இல்லை, வில்லன். எதுவென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஜோசப் ஹாட்ச். 1837-ல் லண்டனில் பிறந்தவர். நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள இன்வர்கார்கில் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்தார். பிறகு அந்த ஊர் மேயர் ஆனார். 1884 முதல் 1887 வரை நாடாளுமன்ற உறுப்பினர். பேச்சில் மன்னன். கையில் எப்போதும் ஏதாவது ஒரு வியாபாரத் திட்டம்.

யானைச் சீல்களும் குறைந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் கண் பெங்குவின்கள் மேல் விழுந்தது. தீவில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. பறக்காது, கரையில் வேகமாக ஓடாது, மனிதனைக் கண்டால் பயப்படாது. குளிரைத் தாங்கத் தோலுக்கடியில் கொழுப்பு வைத்திருக்கிறது. ஒரு வியாபாரிக்கு இதைவிடச் சுலபமான சரக்கு கிடைக்குமா?

டைஜெஸ்டர் என்ற பெரிய நீராவிக் கொதிகலன்களைக் கொண்டுவந்து இறக்கினார். நம் ஊர் பிரஷர் குக்கரை ஓர் அறை அளவுக்குப் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 800, 900 பெங்குவின்கள் கொள்ளும். முழுப் பறவையாகவே உள்ளே போட்டு, மூடி, நீராவி அழுத்தத்தில் வேகவைத்தால் எண்ணெய் பிரிந்து மேலே வரும். பீப்பாயில் பிடித்துக் கப்பலில் ஏற்ற வேண்டியதுதான். கயிறு, சணல் திரிக்கும் ஆலைகளில் இந்த எண்ணெய்க்குக் கிராக்கி இருந்தது.

முதலில் லூசிடானியா பே என்ற இடத்தில் பெரிய உருவம் கொண்ட கிங் பெங்குவின்களைப் பிடித்தார்கள். பிறகு எண்ணிக்கையில் மிக அதிகமான ராயல் பெங்குவின்கள் பக்கம் திரும்பினார்கள். அப்போதுதான் நக்கெட்ஸ் முனை தொழிற்சாலை ஆனது. ஓடை வழியாகப் பெங்குவின்கள் தாமாகவே நடந்து வருகின்றன. லாரி வாடகை, கூலிக்கு ஆள் வைத்துச் சரக்கு இறக்குவது என்ற செலவே இல்லை. சரக்கு தன் காலால் நடந்து தொழிற்சாலைக்கு வந்துவிடுகிறது.

1905 வாக்கில் வேலை உச்சத்தில் இருந்தது. ஒரே நேரத்தில் 2,000 பெங்குவின்களைக் காய்ச்ச முடிந்தது. ஒரு பறவைக்குக் கிடைப்பது சுமார் அரை லிட்டர் எண்ணெய்.

இந்த அரை லிட்டரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு இரண்டு பெங்குவின். ஒரு டன் எண்ணெய் வேண்டுமானால் 2,000 பறவைகளுக்கும் மேல். நம் வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்றால் எட்டுப் பெங்குவின். வருடத்துக்குச் சுமார் ஒன்றரை லட்சம் பறவைகள், மொத்தத்தில் 30 லட்சம் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

ஹாட்ச் சும்மா உட்கார்ந்து சம்பாதிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். துறைமுகம் இல்லாத கரை. புயல் அடித்தால் நங்கூரம் பிய்ந்து கப்பல் பாறையில் மோதும். 1898-ல் கிராட்டிட்யூட் என்ற கப்பல் இந்த நக்கெட்ஸ் கரையிலேயே உடைந்தது. 1910-ல் ஜெஸ்ஸி நிக்கல், 1911-ல் கிளைட் என்று அடுத்தடுத்துக் கப்பல்கள் போயின. இவற்றுக்கெல்லாம் முன்பு, 1891-ல், தீவில் மாட்டிக்கொண்ட ஹாட்ச்சின் ஆட்களை மீட்க நியூசிலாந்து அரசாங்கம் காகனுயி என்ற நீராவிக் கப்பலை அனுப்பியது. தீவுக்குப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அந்தக் கப்பல் திரும்பி வரவே இல்லை. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அரை லிட்டர் எண்ணெய்க்குப் பின்னால் மனித உயிரும் இருந்தது.

1890-ல் தீவின் நிர்வாகம் டாஸ்மேனியாவுக்கு மாறியது. 1902-ல் டாஸ்மேனிய அரசு தீவையே ஹாட்ச்சுக்குக் குத்தகைக்கு விட்டது. பிற்பாடு அவருடைய நிறுவனத்துக்கு வைத்த பெயரைக் கேளுங்கள்: சதர்ன் ஐல்ஸ் எக்ஸ்ப்ளாய்டேஷன் கம்பெனி. தெற்குத் தீவுகள் சுரண்டல் நிறுவனம் என்று நாம் மொழிபெயர்க்கலாம். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லில் வெட்கப்பட எதுவும் இல்லை, வளத்தைப் பயன்படுத்துவது என்றுதான் பொருள். ஆனாலும் இப்படி உண்மை பேசும் கம்பெனிப் பெயர் இப்போதெல்லாம் கிடைக்காது :-)

கணக்கு ஹாட்ச் பக்கம்

1911 டிசம்பரில் டக்ளஸ் மாசன் தலைமையிலான அண்டார்டிகப் பயணக் குழு தீவில் ஐந்து பேரை இறக்கிவிட்டுப் போனது. தீவின் வடமுனையில் குன்றின் மேல் கம்பியில்லாத் தந்திக் கம்பம் நட்டு, அண்டார்டிகாவில் இருந்து வரும் செய்திகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். தீவின் வரைபடம், வானிலை, உயிரினங்கள் எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். நக்கெட்ஸ் கொதிகலன்கள் அவர்களுடைய பக்கத்து வீடு மாதிரி. அதனால் வெளியுலகத்துக்கு இந்தத் தொழில் பற்றிச் சொல்ல நம்பகமான சாட்சிகள் கிடைத்தார்கள்.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பியது. மாசன் பேசினார். அண்டார்டிகப் புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி குரல் கொடுத்தார். ஸ்காட்டின் கடைசிப் பயணத்தில் இருந்த அப்ஸ்லி செர்ரி-கராட், பறவை ஆராய்ச்சியில் பெயர் பெற்ற பிரபு வால்டர் ராத்ஸ்சைல்ட் ஆகியோரும் சேர்ந்துகொண்டார்கள். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1919-ல் வெளியான தன் நாவலிலேயே பெங்குவின்களுக்கு நடக்கும் கொடுமையைக் கொண்டுவந்தார். பெங்குவின்களை உயிரோடு பலகைமேல் நடக்கவிட்டுக் கொதிக்கும் கலனுக்குள் விழவைக்கிறார்கள் என்ற செய்தி நாடு நாடாகப் பரவியது.

ஹாட்ச் அதை மறுத்தார். அடித்துக் கொன்ற பிறகுதான் உள்ளே போடுகிறோம் என்றார். அப்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல். அந்த வயதிலும் ஊர் ஊராகப் போய் மேடை போட்டுத் தன் தொழிலுக்காக வாதாடினார். அவருடைய முக்கியமான வாதம் ஒன்றுதான்: இத்தனை வருடம் பிடித்தும் பெங்குவின்கள் குறையவில்லை. தீவு இன்றும் நிரம்பி வழிகிறது. பிறகு என்ன பிரச்சினை?

இங்கேதான் எனக்கு இந்தக் கதையில் சுவாரசியம் கூடுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், ராயல் பெங்குவின் விஷயத்தில் ஹாட்ச் சொன்னது ஏறத்தாழ சரி! ராயல் பெங்குவின்கள் இருந்தது பத்து லட்சக்கணக்கில். 1980-களின் கணக்கெடுப்பில்கூட சுமார் எட்டரை லட்சம் ஜோடிகள் இருந்தன. வருடத்துக்கு ஒன்றரை லட்சம் என்பது கொடூரமான எண்தான். ஆனால் அந்த இனத்தை அழிக்கும் எண்ணாக அது இருக்கவில்லை. ஃபர் சீல் போல யாரும் வரலாம் என்ற நிலை இல்லாமல், ஒரே குத்தகைதாரர் கையில் இருந்ததும் ஒரு காரணம். நாளைக்கும் சரக்கு வேண்டும் என்று நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது. பாடப்புத்தகம் சொல்வதும் அதுதானே? சொத்துரிமை கொடு, சொத்தைப் பார்த்துக்கொள்வான்.

அதனால் 1919-ல் இந்த வழக்கை ஒரு ஆடிட்டரிடம் கொடுத்திருந்தால், ஹாட்ச் ஜெயித்திருப்பார். ஆரம்பச் சரக்கிருப்பு நிறைய, இறுதிச் சரக்கிருப்பும் நிறைய. மூலதனம் கரையவில்லை, வட்டியைத்தான் எடுக்கிறார். வேலைவாய்ப்பு இருக்கிறது. அரசுக்கும் குத்தகை வருமானம்.

ஆனால் தீர்ப்பு ஆடிட்டரிடம் போகவில்லை. மக்களிடம் போனது. உலகின் கடைக்கோடியில், தாங்கள் வாழ்நாளில் பார்க்கவே போகாத ஒரு பாறை முனையில், அரை லிட்டர் எண்ணெய்க்காக ஒரு பறவை சாவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். டாஸ்மேனிய அரசு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 1920-க்குள் நக்கெட்ஸ் கொதிகலன்கள் அணைந்தன. மாசன் அதோடு விடவில்லை. 1933-ல் தீவு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஹாட்ச் 1928-லேயே ஹோபர்ட்டில் காலமாகியிருந்தார்.

பேரேட்டில் இல்லாத பக்கங்கள்

அப்படியென்றால் ஹாட்ச் பாவம், அநியாயமாகத் தோற்றார் என்று சொல்கிறேனா? அவசரப்படாதீர்கள். அவருடைய கணக்கில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருந்தன.

முதல் ஓட்டை, கிங் பெங்குவின். மேடையில் அவர் காட்டிய இறுதிச் சரக்கிருப்பு ராயல் பெங்குவின்களுடையது. கிங் பெங்குவின் கணக்கு வேறு. தீவைக் கண்டுபிடித்த காலத்தில் அவற்றுக்கு இரண்டு பெரிய குடியிருப்புகள் இருந்தன. தீவின் வடபக்கத்தில் இருந்தது அடியோடு போயிற்று. 1930-ல் லூசிடானியா பேயில் எஞ்சியிருந்தவை சுமார் 3,400 மட்டுமே. தடை இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தடைக்குப் பிறகு அவை மெல்ல மெல்லப் பெருகி 1980-ல் 2,18,000 ஆனது. பழைய எலும்புகளின் டி.என்.ஏ.வை இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டு 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. இழந்த மரபணு வளமும் பெரும்பாலும் திரும்பிவிட்டது என்பது அதன் முடிவு. நல்ல செய்திதான். ஆனால் அந்த நல்ல செய்தி 3,400 என்ற எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. முயலும் பூனையும் எலியும் யாருடைய பேரேட்டிலும் இல்லை. முயலும் பூனையும் ஹாட்ச்சுக்கு முன்பே வந்தவை. ஆனால் சீல் தோல், சீல் எண்ணெய், பெங்குவின் எண்ணெய் என்று நூறு வருடம் நடந்த வியாபாரம் இல்லாவிட்டால் அவை அங்கே வந்திருக்கவே முடியாது. வியாபாரிகள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். முயல் போகவில்லை.

சரணாலயம் என்று எழுதி ஒட்டினால் முயலுக்குப் புரியுமா? அது சரிவுகளில் இருந்த உயரமான புல்லையும், மக்வாரி முட்டைக்கோஸ் என்ற பெரிய இலைச் செடியையும் வேரோடு தின்றது. 1978-ல் நோய்க்கிருமி கொண்டு அதைக் கட்டுப்படுத்தினார்கள். 2000-ல் கடைசிப் பூனையும் ஒழிக்கப்பட்டது. பெட்ரல் கடற்பறவைகள் மறுபடியும் கூடு கட்டத் தொடங்கின. ஆனால் பூனையும் இல்லை, நோய்க்கிருமியின் வீரியமும் குறைந்தது. முயல்கள் மறுபடி ஒரு லட்சத்தைத் தாண்டின. புல் இல்லாத சரிவில் மண் பிடிமானம் இழந்தது. 2006 செப்டம்பரில் பெருமழைக்குப் பிறகு லூசிடானியா பேயில் சரிவு அப்படியே இடிந்து, கிங் பெங்குவின் குடியிருப்பின் ஒரு பகுதியை மூடிவிட்டது. கொதிகலனில் தப்பிய இனத்தின் வாரிசுகள், நூறு வருடத்துக்கு முந்தைய சமையலுக்கு வந்த முயலால் மண்ணுக்கடியில் போயின.

பிறகுதான் பில் வந்தது. 2007-ல் ஆஸ்திரேலிய அரசும் டாஸ்மேனிய அரசும் சேர்ந்து 2.47 கோடி ஆஸ்திரேலிய டாலர் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஹெலிகாப்டரில் தீவு முழுக்க விஷத் தீனி தூவ வேண்டும். 2010-ல் வானிலை சரியில்லாமல் பாதியில் நிறுத்தினார்கள். 2011-ல் மறுபடியும் வந்து முடித்தார்கள். மிச்சமிருந்த முயல்களைத் தேட, பழக்கப்பட்ட நாய்களோடு ஆட்கள் தீவு முழுக்க நடந்தார்கள். பதின்மூன்று முயல்கள் சிக்கின. அதற்குப் பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல் தேடிக்கொண்டே இருந்தார்கள். 2014 ஏப்ரலில்தான் முயல், எலி, சுண்டெலி மூன்றும் ஒழிந்ததாக அறிவித்தார்கள். இந்த வேலையிலும் சேதாரம் உண்டு. விஷம் தின்ற பிராணிகளைத் தின்று 2,000-க்கும் மேற்பட்ட கடற்பறவைகள் செத்தன.

இப்போது ஒரு விளையாட்டுக் கணக்கு. 30 லட்சம் பெங்குவின், ஆளுக்கு அரை லிட்டர் என்றால் 15 லட்சம் லிட்டர் எண்ணெய். துப்புரவுச் செலவு 2.47 கோடி டாலர். வகுத்தால் லிட்டருக்கு 16 டாலருக்கும் மேல்! சீல் எண்ணெயையும் தோலையும் சேர்த்தால் இந்த விகிதம் மாறும், டாலரின் மதிப்பும் காலத்துக்குக் காலம் மாறும், எனவே இதைத் தேர்வில் எழுதிவிடாதீர்கள். ஆனால் விஷயம் புரிகிறது இல்லையா? எண்ணெய் மலிவாக இருந்ததற்குக் காரணம், அதன் விலையில் ஒரு பகுதியை 2007-ல் வரி கட்டப்போகும் யாரோ ஒருவர் தலையில் வைத்துவிட்டதுதான். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் அப்போது பிறக்கவே இல்லை.

கடைசியாக

மக்வாரி தீவு 1997-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பெங்குவின்களுக்காக மட்டுமில்லை. கடலடித் தரைக்குக் கீழே ஆழத்தில் இருக்க வேண்டிய பூமியின் மேன்டில் பாறை, இரண்டு நிலத்தட்டுகளின் நெருக்குதலில் பிதுங்கி, கடல் மட்டத்துக்கு மேலே வந்து நிற்கும் அபூர்வமான இடம் அது. 2023-ல் தீவைச் சுற்றியுள்ள கடல் பூங்காவையும் ஏறத்தாழ மூன்று மடங்காக்கினார்கள். முயல் போன பிறகு சரிவுகளில் புல் மறுபடி இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. ராயல் பெங்குவின் உலகத்தில் வேறெங்கும் குஞ்சு பொரிப்பதில்லை. இந்தத் தீவும் பக்கத்துப் பாறைத் திட்டுகளும்தான் அதற்கு மொத்த உலகம்.

இந்தக் கதையில் இருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு. ஒன்று, கணக்கு சரியாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், எந்தச் செலவையெல்லாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்று கேட்க வேண்டும். ஹாட்ச்சின் கூட்டலில் தப்பில்லை, கூட்ட வேண்டியவற்றின் பட்டியலில்தான் பாதி இல்லை. இரண்டு, 1919-ல் அந்தப் பெங்குவின்களுக்காகக் குரல் கொடுத்தவர்களிடமும் முழுக் கணக்கு இருக்கவில்லை. 2006 மண்சரிவோ 2.47 கோடி டாலரோ அவர்களுக்குத் தெரியாது. ஹாட்ச்சின் எண்களுக்கு எதிராகச் சொல்ல அவர்களிடம் எண்களே இல்லை. இது செய்யத் தகாத காரியம் என்ற எண்ணம் மட்டும் இருந்தது. கணக்கு வர எண்பது, தொண்ணூறு வருடம் ஆனது. அதுவரை காத்திருந்தால் கிங் பெங்குவின்கள் காத்திருந்திருக்காது.

நாம் நாளைக்கு ஆடிட்டராகவோ மேனேஜராகவோ வங்கியிலோ உட்காரப் போகிறவர்கள். நம் முன்னாலும் ஹாட்ச்சின் பேரேடு போல ஒன்று வரும். பற்றும் வரவும் காசு பிசகாமல் பொருந்தும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம், அந்த நக்கெட்ஸ் கரையில் கிடக்கும் துருப்பிடித்த கொதிகலன்களை நினைத்துக்கொள்ளலாம். அவையும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் இருந்தவைதான்.